அப்பாவுக்குப் போட்ட மார்க்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் லட்சம் வரைக்கும் எண்ணத் தெரியும். ஆனால் மார்க் என்று வந்துவிட்டால் யாரும் இருபதைத் தாண்ட மாட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அங்கே எந்தப் பாடமாக இருந்தாலும் இருபதுக்குத்தான் மார்க். பத்து வாங்கினால் தப்பித்தோம், பன்னிரண்டு வாங்கினால் கெட்டிக்காரன், பதினாலு வாங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அப்பா ஒரே ஒருமுறை பதினாலு வாங்கியிருக்கிறார். சித்தப்பா எவ்வளவு வாங்கினார் என்பதை வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் சின்ன வயசிலேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார் என்பதை வைத்து நாங்களே தெரிந்துகொண்டோம்.

எனக்குப் பத்து வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் அதனால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. தண்ணீர் அதே நேரத்துக்கு வந்தது, அதே நேரத்துக்கு நின்றது. ஆனால் அப்பாவின் அலுவலகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தது. அப்பா கடற்கரையோரம் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். கப்பல்கள் தள்ளி நிற்கும். மூட்டைகள் சலங்குப் படகுகளில் கரைக்கு வரும். அவற்றுக்கான காகிதங்களை எழுதுவது அப்பாவின் வேலை. அவருடைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். இப்போது மேலதிகாரியாக மதராசிலிருந்து ஒரு சூப்பிரண்டு வந்திருந்தார். அவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். ஆனால் அது இங்கிலீஷ்.

அந்த வருஷம்தான் அப்பா என்னையும் தம்பியையும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். என்னை ஐந்தாம் வகுப்பில் போட்டார்கள், தம்பியை மூன்றில். முதல் பரீட்சையில் என் இங்கிலீஷ் தாளின் தலையில் சிவப்பு மையால் 'பதினெட்டு' என்று எண்ணில் எழுதி வட்டம் போட்டிருந்தது. வேறொன்றும் எழுதவில்லை. எத்தனைக்குப் பதினெட்டு என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதினெட்டா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

"இங்க பாரு," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "நம்ம பரம்பரையிலயே யாரும் வாங்கினதில்ல. பதினெட்டு!"

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரவையை எடுத்து வறுக்க ஆரம்பித்துவிட்டாள். சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். தம்பி மட்டும் திருதிருவென்று விழித்தான். அவன் வகுப்பிலும் நூற்றுக்குத்தான் மார்க். வாயைத் திறக்கப் போனவனை நான் ஒரு பார்வை பார்த்தேன். கேசரி வாசனை வந்ததும் அவனும் வாயை மூடிக்கொண்டான்.

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு சந்தர்ப்பங்கள் கிடைத்தன. கேசரி இறக்குவதற்கு முன்னால் ஒன்று, அம்மா பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவதற்கு முன்னால் ஒன்று. இரண்டையும் நான் கேசரிக்காக விட்டுவிட்டேன். பிறகு சொல்லி என்ன ஆகப் போகிறது? அப்பா மசிக்கூட்டை எடுத்து வைத்து, தாளின் ஓரத்தில் அந்த அழகான கையெழுத்தில் 'திரே பியேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'மிக நன்று' என்று அர்த்தம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அப்பாக்கள் அப்படி எழுதுவது வழக்கம்.

மறுநாள் டீச்சர் தாளைத் திரும்ப வாங்கினார். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், பிரெஞ்சு தெரியாது.

"இது யார் எழுதினது?"

"எங்கப்பா, டீச்சர்."

"என்ன எழுதியிருக்கார்?"

"ரொம்ப நல்லாருக்குன்னு எழுதியிருக்கார், டீச்சர்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டு சன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா," என்றார்.

பாராட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். பெட்டியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வராந்தாவில் நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து அப்பாவின் முதுகும் டீச்சரின் முகமும் தெரிந்தன.

"உங்க பொண்ணு மத்த பாடமெல்லாம் நல்லாத்தான் படிக்கிறா. இந்த இங்கிலீஷ்லதான்..." என்று டீச்சர் இழுத்தார்.

"பதினெட்டு வாங்கியிருக்கா," என்றார் அப்பா, அடக்கமாக.

"நூத்துக்கு, சார்."

அப்பா கோட்டின் பொத்தானை ஒருமுறை அவிழ்த்து மறுபடி போட்டார்.

"நூத்துக்கா?"

"ஆமா."

"அப்ப மிச்சம் எம்பத்திரெண்டு?"

"அது இனிமேதான் வரணும்," என்றார் டீச்சர். பிறகு, தான் சொல்ல வந்ததைச் சொன்னார். அரைப்பரீட்சையில் நான் முப்பத்தைந்தாவது எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பொங்கலுக்குப் பிறகு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் வகுப்பு தம்பியின் வகுப்பு. அங்கே போய் அவனுக்குப் பக்கத்தில் உட்காருவதைவிடக் கடலில் விழலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் கூடவே போனேன். அடி விழும் என்று பார்த்தேன், விழவில்லை. பாதித் தூரம் வந்ததும் கேட்டார்.

"நூத்துக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கேசரி நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சுப்பா."

"எனக்கும்," என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்றைக்கும் பேசவில்லை. சித்தப்பாதான் பல வருஷங்களுக்கு என்னைப் 'பதினெட்டு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே 'திக்தே' ஆரம்பமாயிற்று. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது தெரியும். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை வாசிப்பார். மற்றவர்கள் காதால் கேட்டுப் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒரு பிழைக்கு ஒரு மார்க் குறையும். விட்டுப்போன வார்த்தையும் பிழைதான். அப்பா வாசிப்பார், நான் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்து நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ வாசி. நான் எழுதறேன்."

"நீங்க எதுக்குப்பா எழுதறீங்க?"

"நீ சரியா வாசிக்கிறியான்னு எப்படித் தெரியும்? நீ தப்பா வாசிச்சா நான் தப்பா எழுதுவேன். அப்பத் தெரிஞ்சிடும்ல?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அதைவிட, அவர் எனக்காக வாங்கி வந்திருந்த சிவப்புப் பென்சில் பிடித்திருந்தது. திருத்துகிற வேலையும் என்னுடையதே.

முதல் நாள் அப்பாவுக்கு இருபதுக்கு மூன்று மார்க் கிடைத்தது. மூன்றுகூட நான் இரக்கப்பட்டுப் போட்டதுதான். மறுநாள் ஐந்து. பிரெஞ்சு வார்த்தைகளின் வாலை இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு ஒட்டவைப்பது அவருக்கு வழக்கமாக இருந்தது. வெட்டி வெட்டி என் பென்சில் தேய்ந்தது. எனக்கும் மிதப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்ததையெல்லாம் வீட்டில் அப்பாவுக்குக் கொடுத்தேன். பிழையான வார்த்தையைப் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். எழுதினார். ஒன்பது தடவை எழுதிவிட்டு நோட்டை நீட்டிய அன்று, எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"பாவம்டி, வேலைக்குப் போயிட்டு வந்த மனுசன்," என்றாள் அம்மா.

"தப்புன்னா தப்புதாம்மா."

"சரி சரி. அப்பாவுக்கு ஒழுங்கா சொல்லிக் குடு," என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். 'அப்பாவிடம் ஒழுங்காகப் படி' என்றுதானே என்னிடம் சொல்ல வேண்டும், அம்மா ஏன் மாற்றிச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான்.

இதற்கிடையில் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். பிள்ளைகள் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு அர்த்தத்தை உருப்போட்டுவிட்டு அதோடு திருப்தியாக இருந்துவிடுகிறார்களாம். அதற்காக ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தைதான்: மார்க். "பரீட்சைக்கு மட்டும்தான் மார்க்குன்னு நினைக்காதீங்க. ஊருக்குள்ள போய்ப் பாருங்க. யார் யார் என்னென்ன தொழில்ல இந்த வார்த்தையைச் சொல்றாங்கன்னு கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் எழுதிக்கிட்டு வாங்க. சரியான வாக்கியத்துக்கு ஒரு மார்க். அரைப்பரீட்சையில சேத்துக்குவேன்." சொல்லும்போது என் பக்கம் பார்த்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டில் சொன்னதும் அப்பாவுக்கு என்னைவிட ஆர்வம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் எங்கள் துணி வெளுக்கும் அம்மாள் வீடு. அவர் சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அதன் பாலால் துணியின் ஓரத்தில் குறி வைத்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது.

"இதுக்கு இங்கிலீஷ்ல மார்க்குன்னு பேராம்," என்றார் அப்பா.

"என்னா பேரா இருந்தா என்னாங்க? ஒங்க வூட்டுக்கு ரெண்டு புள்ளி ஒரு கோடு. நீங்க வெள்ளக்காரன்கிட்ட வேல பாத்தப்பவும் அதான், இப்பவும் அதான்."

அப்பா சிரித்துக்கொண்டே தன் சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்பி என்னைப் பார்க்கச் சொன்னார். இரண்டு புள்ளி, ஒரு கோடு. நான் பார்த்துச் சொன்னேன்.

அங்கிருந்து வைத்திக்குப்பம். மணலில் படகுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நடுக்கடலில் மீன் இருக்கும் இடம் மறுநாள் எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார். கலங்கரை விளக்கமும் மாதா கோயில் கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக நேராகத் தெரிகிற இடம் ஒன்று இருக்கிறதாம். அந்த நேர்க்கோட்டிலேயே போய், வடக்கே ஒரு பனைமரக் கூட்டம் சரியான இடத்துக்கு வந்ததும் வலையை இறக்கினால் போதுமாம். அப்பா இதற்கும் ஒரு மார்க் உண்டு, கரையில் நிற்கும் மார்க், என்று விளக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"இது எங்கப்பன் காட்டிக் குடுத்தது, சாமி. நீங்க என்னா பேரு வேணும்னாலும் வச்சிக்குங்க. மீனு வந்தா சரி."

தபாலாபீசில் முத்திரை, தையற்காரர் சுண்ணக்கட்டியால் போடுகிற கோடு, ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிற கோடு, கடைக்காரர் காட்டிய முயல் மார்க் தீப்பெட்டி என்று நோட்டு நிறைந்தது. தம்பி தன் கையை நீட்டி அம்மைப்பால் குத்திய தழும்பைக் காட்டினான். அதை எழுதக் கூடாது, அவன் உதவியில் எனக்கு மார்க் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பா எழுதச் சொன்னார். சித்தப்பா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெள்ளைக்காசை எடுத்து வந்தார். பட்டாளத்தில் இருந்தபோது ஜெர்மனியில் கிடைத்ததாம். "இதுக்குப் பேரே மார்க்குதான். அங்க இதக் குடுத்தாதான் ரொட்டி," என்றார். சித்தப்பா சொல்வதில் பாதி எப்போதும் காதில் பூச்சுற்றுகிற வேலை. இதுவும் அப்படித்தான் என்று நான் சேர்க்க மறுத்தேன். அப்பாதான் சத்தியம் பண்ணி எழுத வைத்தார்.

பத்தொன்பது வந்துவிட்டது. இருபதாவது கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு இருபது வந்தால்தான் முழுசு. அப்பா ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைத் தன் அலுவலகத்துக்குப் பின்னால் சரக்குக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். மூட்டைகளின் வயிற்றில் கறுப்பு மையால் முக்கோணமும் அதற்குள் எழுத்தும் போட்டிருந்தன. எந்த மூட்டை யாருடையது என்று அதை வைத்துத்தான் தெரியும். இத்தனை வருஷமாக இதற்குப் பிரெஞ்சுப் பெயர்தான் அவருக்குத் தெரியும். இங்கிலீஷில் வாக்கியமாக எப்படி எழுதுவது என்று இருவரும் மூட்டை முன்னால் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் சூப்பிரண்டு வந்து நின்றார்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வருகிறார் என்றால் இவர் வேறு பக்கமாகப் போய்விடுவாராம். இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது? அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். இப்போது போவதற்கு வேறு பக்கம் இல்லை. ஒரு பக்கம் மூட்டை, ஒரு பக்கம் நான்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் பேசினார். என் மகள், பள்ளிக்கூடம், மார்க், பத்தொன்பது, ஒன்று வேண்டும். இடையில் வினைச்சொல் ஒன்றுகூட இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கையில் சிவப்புப் பென்சில் இருந்திருந்தால் நான் நாலு பிழையாவது பிடித்திருப்பேன். வெட்கமாக இருந்தது. ஆனால் சூப்பிரண்டு சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். ஜெர்மன் காசு வந்த இடத்தில் புருவத்தை உயர்த்தினார். மூட்டைக்குறிக்கு என்ன சொல்வது என்று சொன்னதோடு, கப்பலின் விலாவில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று காட்ட ஒரு குறி போட்டிருப்பார்கள், தண்ணீர் அதற்குமேல் ஏறினால் ஆபத்து என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, என்னிடமிருந்து பென்சிலை வாங்கி அப்பாவே எழுதினார். அலுவலகத்தில் அப்பா திக்தே எழுதியதை அன்றுதான் பார்த்தேன். இரண்டே பிழை.

"உங்களுக்கு இவ்வளவு வருமா? இத்தனை நாளா ஏன் பேசவே இல்ல?" என்று சூப்பிரண்டு தமிழில் கேட்டார்.

அப்பா என் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இவதான் சார், இப்ப கொஞ்ச நாளா..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். இருபத்தொன்றாவதும் கிடைத்த சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

இருபத்தொரு வாக்கியத்துக்குப் பதினாறு மார்க் கிடைத்தது. சித்தப்பாவின் காசும் அதில் ஒன்று. டீச்சர் அதற்குப் பக்கத்தில் 'நன்று' என்று தனியாக எழுதியிருந்தார். சித்தப்பா அந்தப் பக்கத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அரைப்பரீட்சையில் எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. தம்பி எனக்காகத் தன் பெஞ்சில் துடைத்து வைத்திருந்த இடம் காலியாகவே இருந்தது. அவனுக்கு அதில் வருத்தம்தான் என்று நினைக்கிறேன். எனக்கோ, அந்தப் பொங்கலைப் போல ஒரு பொங்கல் அதற்குப் பிறகு வரவில்லை.

நான் தேறிவிட்டேன், இனி சாயங்காலம் விளையாடலாம் என்று இருந்தேன். அப்பா நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் பாஸாயிட்டேனே?"

"நிறுத்தக் கூடாது. விட்டுட்டா மறந்துபோயிடும்."

நாற்பத்தொன்று வாங்கிய பிறகும் என்னை நம்பாத அப்பாவை நினைத்து எனக்குக் கோபமாக வந்தது. அப்போது அவர் பதினாலு, பதினைந்து எல்லாம் சாதாரணமாக வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பேனாவில் மை நிரப்பி, இன்னொரு பேனாவிலும் நிரப்பிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அம்மா வாசல் வரைக்கும் வந்து விபூதி பூசி அனுப்பினாள். திரும்பி வந்ததும் இரண்டு பேனாவையும் கழுவி வைத்தார். மாசி மாதம் வந்தது. சாயங்காலம் ஆனால் திக்தே, எனக்குச் சலித்துப் போயிற்று.

ஒருநாள் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தார். கைகால் கழுவவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நீள உறையை எடுத்தார். மேலே தட்டச்சில் அவர் பெயர் இருந்தது.

"இன்னிக்குப் பாடப் புஸ்தகம் வேணாம். இத வாசி."

உறை ஒட்டியபடியே இருந்தது. நானே கிழித்தேன். ஒரே ஒரு தாள், அதில் ஏழெட்டு வரி. அம்மா அடுக்களையிலிருந்து வந்து சுவரோரமாக நின்றாள், கையில் ஈரம்கூடத் துடைக்கவில்லை. சித்தப்பாவும் உள்ளே வந்தார். திக்தே நேரத்தில் இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. கூட்டம் கூடினால் எழுதுகிறவருக்குக் கவனம் சிதறும்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். பாடப் புத்தகத்தைவிடக் கஷ்டமான இங்கிலீஷ். ஒவ்வொரு வார்த்தையையும் உடைத்து, ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை சொன்னேன். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் முறைப்படி சொன்னேன். முதல் வரியை அப்பா நன்றாகத்தான் எழுதினார். இரண்டாம் வரியும் பரவாயில்லை. மூன்றாம் வரியின் நடுவில் பேனா நின்றுவிட்டது. நான் அந்தத் துண்டை மூன்றாவது தடவையாகச் சொன்னேன். சட்டத்துக்கு விரோதம்தான், இருந்தாலும் சொன்னேன். அப்பா எழுதவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். சித்தப்பா அப்பாவின் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, பெரிய விஷயம் இல்லாததைப் போலச் சொன்னாள். பழைய எழுத்தர்கள் எல்லோரும் இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்திருந்ததாம். இரண்டு தடவைதான் எழுதலாம். தவறினால் எழுத்து வேலை போய், கொட்டகையில் மூட்டை காவலுக்கு நிற்க வேண்டும். முதல் தடவை அப்பா தவறிவிட்டார். நான் பதினெட்டு வாங்கிக்கொண்டு வந்ததற்கு முந்தின மாதம்தானாம் அது. வெளியில் யாரிடமும் போய்ப் படிக்க வெட்கம். எனக்கும் தம்பிக்கும் தெரியக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். "ஒன்ன வெச்சித்தான் படிச்சாரு," என்றாள் அம்மா. "அந்தக் காயிதம் வந்தன்னிக்கித்தான் அந்த மனுசன் நிம்மதியா சாப்பிட்டாரு."

ஆனால் அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் கடைசி வரி வரைக்கும், அடியில் இருந்த கையெழுத்து வரைக்கும், விடாமல் வாசித்து முடித்தேன். பிறகு நோட்டை இழுத்துக்கொண்டு எண்ணினேன். விட்டுப்போன வார்த்தைகள் மட்டும் முப்பத்தெட்டு. எவ்வளவு இரக்கப்பட்டாலும் அதற்கு மார்க் போட முடியாது. இருபதுக்கானாலும் நூற்றுக்கானாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். பெரிதாக ஒரு சுழி போட்டு, அதைச் சுற்றி இன்னொரு வட்டமும் போட்டு நீட்டினேன்.

அப்பா அதைப் பார்த்தார். கண்ணீர் வரச் சிரித்தார். அம்மாவிடம் காட்டினார், அவளும் சிரித்தாள். சித்தப்பா நோட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பூஜ்யம் வாங்கியதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மனிதர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. இத்தனை மாதம் உழைத்து, பதினைந்து வரைக்கும் வந்த மனிதர், இன்றைக்கு இப்படிக் கோட்டை விட்டுவிட்டாரே என்று மனம் கேட்கவில்லை.

"பரவாயில்லப்பா," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு மறுபடியும் சொல்றேன். கவனமா எழுதுங்க. இப்படியே எழுதினா கீழ் வகுப்புல போட்டுடுவாங்க."

"சரி டீச்சர்," என்றார் அப்பா.